இலை வெளிறல் நோய்க் கிருமியின் ஏட்டை நிறைவாக்குதல்

நெற்பயிரைத் தாக்கும் நோய்களுள் பற்றீரியா இலை வெளிறல் நோய் கமக்காரர்க்கு நன்கு அறிமுகமானதொன்றாகும். இலையின் நுனியிலோ ஓரத்திலோ நீரூறியது போன்ற கோடொன்று முதலிலே தோன்றும். அது அலையலையான விளிம்புடன் மஞ்சள் நிறமாகிக் கீழ்நோக்கிப் பரந்து, ஈற்றில் வைக்கோல் நிறமடைந்து காய்ந்துவிடும். அதிகாலையில் இவ்விலைகளை உற்று நோக்கின் பாற்றுளி போன்ற கசிவைக் காணலாம். வெயிலேற அக்கசிவு சிறு மஞ்சள் மணிகளாக உலர்ந்து இலையில் ஒட்டி நிற்கும். நோயுற்ற இலையொன்றை வெட்டித் தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் நிறுத்தினால், வெட்டுவாயிலிருந்து புகை இறங்குவதுபோல் வெண்மையான கசிவு நீரினுள் இறங்கும். அக்கசிவில் இருப்பவை எண்ணிறந்த கிருமிகளேயாகும்.

1884 ஆம் ஆண்டில் யப்பான் நாட்டுக் கமக்காரர்களே இந்நோயை முதன்முதலிற் கண்டறிந்தனர். மண்ணின் அமிலத்தன்மையே இதற்குக் காரணமென்று தொடக்கத்திற் கருதப்பட்டது. கிருமியே காரணமென்பது இருபதாம் நூற்றாண்டிலேதான் தெளிவாயிற்று. சாந்தோமொனஸ் ஒறைசே என்பது அக்கிருமியின் பெயர். இலையோரங்களில் அதிகாலையில் நீர்த்துளி அரும்பும் நுண்துளைகள் வழியாகவும், காற்றினாலும் நாற்றுப் பிடுங்குவதனாலும் உண்டாகும் காயங்கள் வழியாகவும் அது இலையினுட் புகுந்து, நீர் செல்லும் குழாய்களில் நிலைகொள்கின்றது.

பூட்டும் திறவுகோலும்

கிருமி இலைக்குள்ளே குழாய்களில் வாழ்வதனால், மேலே தெளிக்கும் மருந்து அதனைச் சென்றடைதல் அரிது. ஆகவே நோயெதிர்ப்புச் சத்தியுள்ள நெல்லினங்களைப் பயிரிடுதலே நெல் விளையும் நாடுகளெங்கும் முதன்மையான பாதுகாப்பாகக் கொள்ளப்படுகின்றது. ஆயினும் இப்பாதுகாப்பு என்றென்றும் நிலைத்து நிற்பதன்று. பிலிப்பைன் நாட்டில் எக்ஸா-4 என்னும் எதிர்ப்புப் பரம்பரையலகைக் கொண்ட நெல்லினங்கள் 1970 ஆம் ஆண்டுகளிற் பரவலாகப் பயிரிடப்பட்டன. சில காலஞ் சென்றபின், அவ்வெதிர்ப்பை மீறவல்ல கிருமி வகை அந்நாட்டு வயல்களில் மேலோங்கிவிட்டது. அது விதையின் குற்றமுமன்று, கமக்காரனின் குற்றமுமன்று. பூட்டு இருந்தபடியே இருக்க, திறவுகோல் மாறிவிட்டது.

கிருமியிடம் எத்தனை திறவுகோல்கள் உள்ளன, அவை எவ்வடிவின, எந்தப் பூட்டுக்களைத் திறப்பன என்பன தெரியாதவிடத்து, புதிய நெல்லினத்தை உருவாக்குபவர் இருட்டிலே பூட்டுச் செய்பவரைப் போன்றவராவர். அத்திறவுகோல்களின் வடிவம் கிருமியின் பரம்பரையலகுத் தொகுதியிலே எழுதப்பட்டிருக்கின்றது. அத்தொகுதியை ஓர் ஏடெனக் கொள்ளலாம். அவ்வேட்டின் பெரும்பகுதியை வாசித்தல் எளிதாகவே இருந்தது. விடுபட்டுப்போன சில இடைவெளிகளை நிரப்புதலே பெரும்பாடாயிற்று. நெல்லுக்குக் கேடு விளைக்கும் திறவுகோல்கள் அந்த இடைவெளிகளிலேயே பெரும்பாலும் மறைந்து கிடந்தமைதான் இதில் வியப்பு. அவற்றை நிரப்புதற்குக் கணினித் திரையிற் படம் வரைந்து காட்டும் சில மென்பொருள்கள் எவ்வாறு துணைநின்றன என்பது நெல் விளைவிப்போரும் அறிந்திருக்கத் தக்கதே.

ஏடு வாசிக்கப்படும் முறை

எல்லா உயிர்களிலும் போலவே இக்கிருமியின் ஏடும் டீ.என்.ஏ. என்னும் நீண்ட இழையில் நான்கே எழுத்துக்களால் எழுதப்பட்டது. கிருமியின் இழைக்குத் தொடக்கமுமில்லை, முடிவுமில்லை. அது வளையமாக இணைந்திருக்கும். இலை வெளிறல் நோய்க் கிருமிகளுள் தென் கொரியாவிற் பெறப்பட்ட கே.ஏ.சி.சி. 10331 என்னும் வகையின் ஏடு 2005 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. அதிலுள்ள எழுத்துக்கள் 4,941,439. பக்கமொன்றுக்கு 2,000 எழுத்துக்கள் வீதம் அச்சிடின் ஏறத்தாழ 2,470 பக்கங்கள் வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஓருயிர் தன்னுள்ளே சுமந்து திரியும் ஏடு இது.

இவ்வளவு நீண்ட இழையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே மூச்சில் வாசிக்கவல்ல கருவி இருக்கவில்லை. பழைய கருவிகள் ஒரு தடவைக்கு 500 முதல் 800 எழுத்துக்கள் வரையே வாசித்தன. ஆகவே இழையின் பல பிரதிகளை எடுத்து, அவற்றைத் தாறுமாறாகத் துண்டித்து, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே வாசித்தனர். ஒரே ஓலைச்சுவடியின் பத்துப் பிரதிகளை வெவ்வேறிடங்களிற் கிழித்து ஒரு கடகத்திற் கொட்டிக் கலந்துவிட்டால், ஒரு துண்டின் இறுதி வரி மற்றொரு துண்டின் முதல் வரியோடு ஒத்திருப்பதைக் கண்டு கண்டு பொருத்திச் சுவடியை மீட்கலாமன்றோ? கணினி செய்வதும் அதுவே. இம்முறையால் 1995 ஆம் ஆண்டில் ஹீமோபிலசு இன்புளுவென்சே என்னும் கிருமியின் 1,830,137 எழுத்துக்களும் அமெரிக்காவில் நிறைவாகப் பொருத்தப்பட்டன. தனித்து வாழும் ஓருயிரின் ஏடு முழுமையாக வாசிக்கப்பட்டமை அதுவே முதற்றடவை.

சுவடியில் ஒரே பாட்டின் பல்லவி நாற்பது இடங்களில் மாறாமல் வருகின்றதெனின் என்செய்வது? பல்லவி மட்டுமுள்ள துண்டு கையில் அகப்பட்டால், அது எந்த இடத்திற்குரியதென்று எவராலுஞ் சொல்லமுடியாது. கணினியும் அவ்விடத்திற் றயங்கி நிற்கும், அல்லது பிழையாகப் பொருத்திவிடும். இலை வெளிறல் நோய்க் கிருமியின் ஏட்டில் இத்தகைய மீள்பகுதிகள் மிகப் பல. இடம்விட்டு இடம்பெயரும் தன்மையுள்ள சிறு துண்டுகள் ஏடெங்கும் பல பிரதிகளாகச் சிதறிக் கிடக்கின்றன. இதனாற் கணினி தருவது ஒரே வளையமன்று. பல கூட்டுத்துண்டுகளும் அவற்றினிடையே இடைவெளிகளுமே. அந்நிலையிலுள்ளதை வரைவேடு என்பர்.

வாய்க்கால்கள் கலக்குமிடம்

மீள்பகுதியின் இடையூற்றை வயலில் நிற்பவர் எளிதில் விளங்கிக்கொள்வர். கிழக்கிலிருந்து ஒரு வாய்க்காலும் வடக்கிலிருந்து ஒரு வாய்க்காலும் வந்து ஓரிடத்திற் கலந்து, நூறு யார் தூரம் ஒரே வாய்க்காலாக ஓடி, மீண்டும் இரண்டாகப் பிரிகின்றன எனக் கொள்க. வரம்பில் நிற்பவருக்கு வரும் வாய்க்கால்கள் இரண்டும் தெரியும். போகும் வாய்க்கால்கள் இரண்டும் தெரியும். எந்த வாய்க்கால் எதனோடு தொடர்ந்தது என்பது மட்டும் தெரியாது. ஆயினும் இரு குறிப்புக்கள் அவருக்குக் கிடைக்கும். பொதுப் பகுதியில் நீர் இருமடங்காக ஓடும். ஆகவே அது இரண்டுக்கும் உரியதென்பது தெளிவு. மற்றது, கலக்குமிடத்திற்கு மேலேயிருந்து கீழே பிரியுமிடம் வரை தொடர்ந்து செல்லும் ஏதேனும் ஒன்று கையில் அகப்படின், வழி உறுதிப்படும்.

ஏட்டைப் பொருத்துவோரும் இவ்விரு குறிப்புக்களையே நம்புகின்றனர். ஓர் எழுத்து எத்தனை துண்டுகளில் வாசிக்கப்பட்டது என்னும் தொகையை ஆழமென்பர். மற்றவிடங்களில் ஆழம் எட்டாக இருக்க, ஓரிடத்திற் பதினாறாக இருப்பின், அங்கே இரண்டு பகுதிகள் ஒன்றின்மேலொன்றாக மடிந்து கிடக்கின்றன என்று ஐயுறலாம். இத்தகைய குறிப்புக்களை எண்களாக அடுக்கி வைத்தால் இலட்சக்கணக்கான வரிகள் நீளும். எவராலும் அவற்றை வாசித்து ஒரு முடிவுக்கு வரவியலாது. படமாக வரைந்து காட்டினாலோ, பழகிய கண் ஒரு நோக்கிற் பிழையிருக்குமிடத்தைக் கண்டுவிடும்.

இத்தேவையை நிறைவேற்றிய மென்பொருள்களுள் கொன்செட் என்பது குறிப்பிடத்தக்கது. அமெரிக்காவின் வாசிங்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் கோடன், கிறிஸ் அபஜியன், பில் கிறீன் ஆகியோர் அதனை உருவாக்கி 1998 இல் விபரித்து வெளியிட்டனர். வாசிக்கப்பட்ட துண்டுகள் யாவும் அதன் திரையில் வரிசை வரிசையாக ஒன்றின்கீழொன்றாகத் தோன்றும். ஒவ்வொரு எழுத்தும் எவ்வளவு நம்பத்தக்கது என்பதற்கு ஓர் எண் உண்டு: 20 எனின் நூறில் ஒரு தடவை பிழைபடக்கூடும், 30 எனின் ஆயிரத்தில் ஒரு தடவை. நம்பிக்கை குன்றிய எழுத்தின் பின்புலம் திரையில் இருண்டு தோன்றும். பிற துண்டுகளோடு மாறுபடும் எழுத்து சிவந்து தோன்றும். ஐயமான இடங்களை மென்பொருள் பட்டியலிட்டுக் கொடுக்க, வேலை செய்பவர் அவற்றை ஒவ்வொன்றாகச் சென்று பார்த்து, பிரிக்கவேண்டியதைப் பிரித்து, சேர்க்கவேண்டியதைச் சேர்ப்பார். எஞ்சும் இடைவெளியின் இரு கரைகளிலுமுள்ள எழுத்துக்களைக் கொண்டு, இடையிலுள்ள பகுதியை மட்டும் ஆய்வுசாலையிற் பெருக்கி வாசிப்பதும் உண்டு. இது பொறுமையுடன் செய்யவேண்டிய வேலை, களைபிடுங்குதலை ஒத்தது.

2007 இல் மேரிலண்ட் பல்கலைக்கழகத்தார் ஹோக்ஐ என்னும் மற்றொரு மென்பொருளை வெளியிட்டனர். பருந்துக்கண் என்பது அப்பெயரின் பொருள். உயரத்திற் பறக்கும் பருந்து போன்று ஏடு முழுவதையும் முதலிற் பார்த்து, ஐயமான இடத்திற் கீழிறங்கித் தனித்தனி எழுத்துவரை பார்க்க அது உதவிற்று. ஒரே துண்டின் இரு முனைகளையும் வாசித்தால் அவற்றினிடையே எவ்வளவு தூரம் இருத்தல் வேண்டுமென்பது ஏறத்தாழத் தெரியும். பொருத்திய ஏட்டில் அத்தூரம் மிக நீண்டோ மிகச் சுருங்கியோ காணப்படின், அம்முனைகள் வேறு நிறத்திற் காட்டப்படும். ஒரே இடத்திற் பல முனைகள் இவ்வாறு நிறம் மாறித் தோன்றின், அங்கே பொருத்தம் பிழையென்பதில் ஐயமில்லை.

பிலிப்பைன் நாட்டுக் கிருமி

அடுத்த ஆண்டாகிய 2008 இல், பிலிப்பைன் நாட்டிற் பெறப்பட்ட கிருமியிலிருந்து வந்த பி.எக்ஸ்.ஓ. 99ஏ என்னும் வகையின் நிறைவான ஏடு வெளியாயிற்று. மேரிலண்ட் பல்கலைக்கழகத்தாருடன் பல நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து அதனை ஆக்கினர். அதன் எழுத்துக்கள் 5,240,075. தென் கொரியக் கிருமியின் ஏட்டையும், 4,940,217 எழுத்துக்களைக் கொண்ட யப்பான் கிருமியின் ஏட்டையும்விட இது ஏறத்தாழ மூன்று இலட்சம் எழுத்துக்கள் நீண்டிருந்தது. இம்மிகையிற் பெரும்பங்கு எங்கிருந்து வந்ததெனின், 212,000 எழுத்துக்கள் கொண்ட ஒரு நீண்ட பகுதி ஏறத்தாழ எழுத்துப் பிசகாமல் அடுத்தடுத்து இரு தடவை எழுதப்பட்டிருந்தது. மற்றைய இரு ஏடுகளில் இவ்விரட்டிப்பு இல்லை. எழுத்துக்கள் ஒத்திருப்பதை மட்டும் நோக்கிப் பொருத்தியிருந்தால் இரண்டு பிரதிகளும் ஒன்றாக மடிந்து மறைந்திருக்கக்கூடும்.

மேலும், மூன்று ஏடுகளையும் ஒப்புநோக்கியபோது பி.எக்ஸ்.ஓ. 99ஏ வகையின் ஏட்டிற் குறைந்தது பத்து இடங்களிற் பெரும் பகுதிகள் இடம்மாறியோ தலைகீழாகவோ கிடந்தமை தெரியவந்தது. அவற்றுள் ஏழு இடங்களில், முன்னர்க் கூறப்பட்ட இடம்பெயரும் துண்டுகள் பக்கத்திலே காணப்பட்டன. ஒரே நோயை உண்டாக்கும் ஒரே இனக் கிருமிகளின் ஏடுகள் இவ்வளவு வேறுபடுமென்பது, எதிர்ப்பு இனங்கள் நாட்டுக்கு நாடு வேறுவேறு விதமாக நடந்துகொள்வதை ஓரளவு விளக்குகின்றது.

இடைவெளியிற் கிடந்தவை

திறவுகோல்கள் என மேலே கூறப்பட்டவை ரால் புரதங்கள் எனப்படும் ஒருவகைப் புரதங்களாகும். கிருமி தன் உடலிலிருந்து ஊசி போன்ற ஓர் அமைப்பினால் இப்புரதத்தை நெற்கலத்தினுட் செலுத்துகின்றது. புரதம் கலத்தின் கருவினுட் சென்று, நெல்லின் சொந்தப் பரம்பரையலகொன்றின் முகப்பிலே ஒட்டிக்கொண்டு, அதனை இயக்கிவிடுகின்றது. பி.எக்ஸ்.ஓ. 99ஏ கிருமியின் ஒரு திறவுகோல் ஸ்வீற்-11 என்னும் பரம்பரையலகை இயக்குகின்றது. அப்பரம்பரையலகு கலத்திலிருந்து வெல்லத்தை வெளியே விடும் வாயிலுக்குரியது. வேண்டாத வேளையில் வாயில் திறக்க, வெளியேறும் வெல்லத்தால் கிருமி பெருகுகின்றது. களஞ்சியக்காரனைக் கொண்டே களஞ்சியத்தைத் திறப்பித்து நெல்லை அள்ளுந் திருடனின் செயல் இது.

எக்ஸா-13 என்னும் எதிர்ப்புச் சத்தியுள்ள நெல்லில் இவ்வாயிலின் முகப்பு எழுத்துக்கள் சற்று மாறியிருப்பதனால் அத்திறவுகோல் அங்கே பொருந்துவதில்லை. இந்தியாவில் சம்பா மசூரி என்னும் நெல்லுக்கு எக்ஸா-13 உட்பட மூன்று எதிர்ப்புப் பரம்பரையலகுகளை ஊட்டிய இனம் 2008 இல் வெளியிடப்பட்டது. ஆனால் பி.எக்ஸ்.ஓ. 86 என்னும் மற்றொரு பிலிப்பைன் கிருமி வகையோ வேறொரு திறவுகோலைக் கொண்டு ஸ்வீற்-14 என்னும் வேறு வாயிலைத் திறக்கின்றது. எனவே எக்ஸா-13 ஒன்றை மாத்திரம் நம்பியிருக்கும் வயலுக்கு அக்கிருமியினிடமிருந்து பாதுகாப்பில்லை. திறவுகோல்கள் யாவும் தெரிந்திருக்கவேண்டியதன் அவசியம் இதனால் விளங்கும்.

அத்திறவுகோல்களின் அமைப்பே அவற்றை வாசிப்போர்க்கு இடையூறாயிற்று. ரால் புரதத்தின் நடுப்பகுதி ஒரே மாதிரியான கண்ணிகளைத் தொடுத்த சங்கிலி போன்றது. ஒவ்வொரு கண்ணிக்கும் ஏட்டில் ஏறத்தாழ 102 எழுத்துக்கள். ஒரு கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்குமுள்ள வேறுபாடு பெரும்பாலும் இரண்டு அமினோவமிலங்களிலேயே அடங்கும். அவ்விரண்டே அத்திறவுகோலின் பற்களாகும். ஒரு கண்ணி நெல்லின் ஏட்டில் ஓர் எழுத்தை இனங்காணும் என்னும் உண்மையை 2009 இல் இரு ஆய்வுக் குழுவினர் தனித்தனியே கண்டறிந்தனர். ஆகவே கண்ணிகளின் வரிசை தெரிந்தால், அத்திறவுகோல் நெல்லின் எவ்விடத்திற் பொருந்துமென முன்கூட்டியே கணிக்கலாம். கண்ணியொன்று விடுபட்டால் கணிப்பு முழுவதும் பிழைத்துவிடும்.

பி.எக்ஸ்.ஓ. 99ஏ கிருமியில் இத்தகைய பரம்பரையலகுகள் 19 உள்ளன. அவற்றிற் பல அடுத்தடுத்துக் கொத்தாகவும் இருக்கின்றன. ஒரு பரம்பரையலகினுள் 20 இற்கு மேற்பட்ட கண்ணிகள் தொடர்ந்து வருவதுண்டு. அதாவது 2,000 எழுத்துக்களுக்கு மேல் ஏறத்தாழ ஒரே பல்லவி திரும்பத் திரும்ப ஒலிக்கின்றது. பழைய கருவிகளின் 800 எழுத்துத் துண்டுகளைக்கொண்டு, பெரும் பொருட்செலவில், ஆண்டுக்கணக்கான உழைப்பினால் இவற்றை ஒருவாறு பொருத்தினர். பின்னர் வந்த கருவிகள் மிக மலிவாகவும் விரைவாகவும் வாசித்தனவாயினும், ஒவ்வொரு துண்டும் 100 முதல் 300 எழுத்துக்கள் வரையே இருந்தது. அது இரண்டு மூன்று கண்ணிகளையே தாண்டும். மலிவுக்கு ஆசைப்பட்டதன் பயனாக, ஏட்டின் ஏனைய பகுதிகள் யாவும் தெளிவாக வர, திறவுகோல்கள் இருக்குமிடங்கள் மட்டும் பொத்தல்களாகிவிட்டன. நோயறிய விரும்புவோர்க்கு அத்தகைய ஏட்டினால் அதிக பயனில்லை.

சிக்கலைக் காட்டும் படம்

பொருத்தும் கணினி தான் தயங்கிய இடங்களை மறைத்துவிடுவதில்லை. எந்தக் கூட்டுத்துண்டு எவற்றோடு தொடரக்கூடும் என்னும் குறிப்பை ஒரு கோப்பிலே எழுதி வைக்கின்றது. ஆனால் அக்கோப்பு கண்ணால் வாசிக்கத் தக்கதன்று; அதனாற் பலர் அதனைத் திறந்தும் பாராது விட்டனர். அவுஸ்திரேலியாவின் மெல்பேண் பல்கலைக்கழகத்தில் றயன் விக் என்பவரும் அவருடன் வேலைசெய்தோரும் இக்கோப்பைப் படமாக வரைந்து காட்டும் பண்டேஜ் என்னும் மென்பொருளை 2015 இல் வெளியிட்டனர். காயத்துக்குக் கட்டுந் துணியின் பெயரே இதற்கும் இடப்பட்டது; பொத்தலை அடைக்க உதவும் கருவிக்கு அப்பெயர் பொருத்தமானதே. அது எவர்க்கும் விலையின்றிக் கிடைக்கின்றது.

பண்டேஜ் வரையும் படம் வாய்க்கால் வரைபடத்தையே பெரிதும் ஒத்தது. ஒவ்வொரு கூட்டுத்துண்டும் தடித்த நிறப் பட்டியாக வளைந்து கிடக்கும். தொடரக்கூடிய துண்டுகளைச் சிறு கோடுகள் இணைக்கும். ஆழம் மிகுந்த துண்டு, நீர் மிகுந்த வாய்க்கால் போல் அகன்று தோன்றும். சிக்கலின்றி நிறைவுற்ற ஏடு தனி வளையமாக விளங்கும். கிருமியில் வேறாகச் சிறு வளையமிருந்தால் அதுவும் ஒரு பக்கத்தில் தனியே தெரியும். குறுந்துண்டுகளாற் பொருத்தப்பட்ட ஏடோ, குழந்தை கையில் அகப்பட்ட நூற்பந்து போன்று பின்னிக் கிடக்கும். அச்சிக்கலின் நடுவே எல்லா நூல்களும் வந்து சேரும் அகன்ற பட்டியே மீள்பகுதியாகும். தெரிந்த பரம்பரையலகொன்றின் எழுத்துக்களைக் கொடுத்துத் தேடும்படி பணித்தால், அது படத்தில் எங்கெங்கே உள்ளதோ அவ்விடங்களை நிறமிட்டுக் காட்டும். திறவுகோற் பரம்பரையலகைத் தேடுபவர், அது தெளிந்த வாய்க்காலில் இருக்கின்றதா அல்லது சிக்கலின் நடுவே அகப்பட்டிருக்கின்றதா என்பதை உடனே அறிந்துகொள்வார். சிக்கலில் இருப்பின் அவ்வேட்டை அவ்விடத்தில் நம்பலாகாது.

படம் பிழையைக் காட்டுமேயன்றித் திருத்தித் தராது என்பதை இங்கு சொல்லியாகவேண்டும். வளையம் அழகாக மூடியிருப்பதைக் கண்டு ஏமாறியவர்களும் இருக்கலாம். இரு கண்ணிகள் மடிந்து ஒன்றாகிவிட்டாலும் வளையம் வளையமாகவே தோன்றும். ஆழத்தைப் பார்த்து, துண்டுகளின் முனைகளைப் பார்த்து, வேறு முறையாலும் சரிபார்த்த பின்னரே முடிவு கூறத் தகும்.

நீண்ட துண்டுகள்

வாய்க்காலிற் கலக்குமிடத்தைத் தாண்டித் தொடர்ந்து செல்லும் ஒன்று வேண்டுமெனக் கூறப்பட்டதன்றோ? டீ.என்.ஏ. இழையின் தனியொரு மூலக்கூற்றை ஒரே ஓட்டத்திற் பல்லாயிரம் எழுத்துக்கள் வரை வாசிக்கவல்ல கருவிகள் 2011 ஆம் ஆண்டு முதல் ஆய்வுசாலைகளுக்குக் கிடைக்கத் தொடங்கின. தனித்தனி எழுத்துக்களிற் பிழைகள் தொடக்கத்தில் மிகுதியாக இருந்தபோதிலும், ஒரு துண்டு ஒரு திறவுகோற் பரம்பரையலகு முழுவதையும் கடந்து இரு கரைகளையும் தொட்டது. பல துண்டுகளை ஒன்றன்மேலொன்றாக வைத்து ஒப்புநோக்க, எழுத்துப் பிழைகளும் பெரும்பாலும் நீங்கின.

2015 இல் அமெரிக்காவின் கோணெல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் இம்முறையை நெற்கிருமிகளில் நடத்திப் பார்த்தனர். திறவுகோற் பகுதிகளை முதலில் தனியே பொருத்திக்கொண்டு, பின்னர் அவற்றை முழு ஏட்டுடன் ஒத்துப்பார்ப்பது அவர்கள் கைக்கொண்ட வழி. முன்னரே நிறைவானவை என வெளியிடப்பட்டிருந்த இரு கிருமிகளின் ஏடுகளை மீண்டும் புதிதாகப் பொருத்தினர். அவற்றுள் பி.எக்ஸ்.ஓ. 99ஏ ஒன்று. மற்றது இலையிற் கீற்றுக் கீற்றாகக் கோடுகளை உண்டாக்கும் நெருங்கிய உறவுக் கிருமி. பழைய ஏடுகளோடு புதியவை பெரிதும் ஒத்தன. அத்துடன் பழைய ஏடுகளிலிருந்த சில பிழைகளும் வெளிப்பட்டன. பி.எக்ஸ்.ஓ. 86 உட்பட மேலும் இரு கிருமிகளையும் வாசித்தபோது, திறவுகோல்களின் தொகுதி கிருமிக்குக் கிருமி பெரிதும் மாறுவதும், ஏட்டின் பகுதிகள் இடம்மாறிக்கொண்டிருப்பதும் தெரியவந்தன.

இதன் பயன் 2019 இல் ஓரளவு கண்கூடாயிற்று. பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து 63 கிருமி வகைகளின் திறவுகோல்களை ஆராய்ந்து, அவை ஸ்வீற் வாயில்களுள் 11, 13, 14 ஆகிய மூன்றின் முகப்பில் எவ்விடங்களிற் பொருந்துகின்றன என அறிந்து, அவ்விடங்களில் மட்டும் நெல்லின் எழுத்துக்களை மாற்றினர். ஐ.ஆர். 64, சிகெறாங் சப்-1 போன்ற பெயர்பெற்ற இனங்களிலும் இம்மாற்றம் செய்யப்பட்டது. வயற்பரிசோதனைகளில் அந்நெல் பலவகைக் கிருமிகளையும் எதிர்த்து நின்றது. முன்னர்ப் பொத்தல்களாகக் கிடந்த பகுதிகளிலிருந்து பெற்ற அறிவே அங்கு பூட்டின் அமைப்பைத் தீர்மானித்தது.

மரக்கறித் தோட்டத்து வாடல் நோய்

தக்காளி, கத்தரி, மிளகாய் ஆகியவற்றைப் பச்சையாக இருக்கும்போதே திடீரென வாடச் செய்யும் பற்றீரியா வாடல் நோயின் கிருமிக்கு இரண்டு வளையங்கள் உண்டு. பிரெஞ்சுக் கயானாவிற் றக்காளிச் செடியிலிருந்து பெறப்பட்ட ஜி.எம்.ஐ. 1000 என்னும் வகையின் ஏடு 2002 இல் வெளியாயிற்று. பெரிய வளையத்தில் ஏறத்தாழ 37 இலட்சம் எழுத்துக்களும், சிறியதில் ஏறத்தாழ 21 இலட்சம் எழுத்துக்களும் உள்ளன. நோய் விளைக்கும் பரம்பரையலகுகள் இரண்டிலும் பரந்து கிடப்பதால், ஒரு வளையத்தை மாத்திரம் நிறைவாக்கி மற்றதைத் துண்டுகளாக விட்டுவிடல் போதாது. இங்கும் நிறைவுற்ற ஏடு திரையில் இரண்டு தனி வளையங்களாகத் தோன்றுவதே வேலை முடிந்ததற்கு முதல் அடையாளம். வாடிய செடியின் தண்டை வெட்டி நீரில் நிறுத்தினால் வெண்கசிவு நூல்போல் இறங்குவதைக் கொண்டு இந்நோயைத் தோட்டத்திலேயே அறிந்துகொள்ளலாம்.

வயலிற் செய்யத் தக்கவை

ஆய்வுசாலைத் திரையில் வளையம் மூடிக்கொண்டதனால் வயலில் வெளிறிய இலை பசுமையாகிவிடாது. எதிர்ப்பு இனங்கள் கையில் வரும்வரையும், வந்த பின்னரும், பழைய கவனங்கள் வேண்டியனவே. நைதரசன் பசளையை அளவுக்கு மிஞ்சி இடும் வயல்களில் இந்நோய் கடுமையாகப் பரவும். ஆகவே சிபார்சு செய்யப்பட்ட அளவை மீறாது பிரித்துப் பிரித்து இடுதல் வேண்டும். நாற்றின் நுனியைக் கிள்ளி நடும் வழக்கம் கிருமிக்கு வாயில் திறந்து கொடுப்பதாகும். நோயுற்ற வயலின் நீரை அடுத்த வயலுக்குப் பாயவிடலாகாது. அறுவடைக்குப் பின் தாளடிகளையும், வரம்பிலும் வாய்க்காலோரத்திலும் தானே முளைத்த நெல்லையும் புற்களையும் அழித்துவிடல் நன்று. கிருமி அடுத்த போகம்வரை அவற்றிலே தங்கக்கூடும். எதிர்ப்புள்ளதெனப் பெற்ற இனத்தில் வெளிறல் காணப்படின், அவ்வினத்தின் பெயரையும் விதை பெற்ற இடத்தையும் குறித்துக்கொண்டு, நோய்கண்ட இலைகளுடன் அப்பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காலதாமதமின்றி அறிவித்தல் வேண்டும்.